குணாளன் தூக்கத்தில் சொன்ன நம்பர்

எனக்குத் தூக்கத்துக்கு ஒரு குறையும் கிடையாது, தம்பி. தோட்டத்துச் சங்கைக் கொண்டுவந்து காதுக்குள் வைத்து ஊதினாலும் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். உங்கள் லாக்கப்பில்கூட நன்றாகத்தான் தூங்கினேன். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெண், மூச்சு இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தாளாம். கோளாறு என் வீட்டுக்காரர் குணாளனுக்குத்தான். நீங்கள் இன்ஸ்பெக்டர், முறையாகச் சொல்ல வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சுவா போகும் பாதையில் இருக்கிற செம்பனைத் தோட்டத்தில் நான் மருந்தடித்தேன், அவர் பழக்குலை ஏற்றுகிற லோரி ஓட்டினார். வேலை ஓய்ந்த பிறகும் எங்களைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே இருக்க விட்டார்கள். பிள்ளைகள் இல்லை. பகலில் அவர் எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர். படுத்தால் மட்டும் கனவில் காட்டுப்பன்றி வரும். பன்றியை அவர் அடிப்பார், பன்றி நிற்கிற இடத்தில் நான் படுத்திருப்பேன். முதல் உதையில் நான் கூரையைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வந்தேன்.

காலையில் பக்கத்து வீட்டுத் திலகா என் கன்னத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். நான் எதையும் சும்மா சொல்கிறவள் இல்லை. அவர் புலியாக உறுமினார், கட்டில் ஒரு முழம் எழும்பியது, கடைசியில் ஏழு நாலு ரெண்டு ஏழு என்று கத்தினார் என்று நடித்தே காட்டினேன். திலகா லாட்டரிக் கடைக்குப் போய் அந்த நாலு நம்பரை எழுதினாள். அதற்குப் பரிசு விழுந்தது.

அதன் பிறகு முனியாண்டி சாமி எங்கள் வீட்டில் குடியேறிவிட்டார். ஊர் அப்படித்தான் சொன்னது. வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை. கோலா கிளாவாங்கிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். என் கையில் எத்தனை விரல் பதிந்திருக்கிறது என்று எண்ணினார்கள், வீங்கிய இடத்துக்குத் திருநீறு பூசினார்கள். நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துக் கதை சொல்வேன். எனக்கு அப்போதிருந்த மவுசு எந்த மந்திரியின் பெண்டாட்டிக்கும் இருந்திருக்காது.

குணாளன் மட்டும் சிரிக்க மாட்டார். படுக்கும் முன் என் பழைய நூல் சேலையை எடுத்து வந்து மணிக்கட்டை நீட்டுவார்.

"கட்டு புள்ள. நல்லா இறுக்கிக் கட்டு. உன்னை ஏதாச்சும் செஞ்சிட்டேன்னா நான் அப்புறம் என்ன செய்வேன்?"

கட்டில் காலோடு சேர்த்துக் கட்டுவேன். சில நாள் அந்தப் பன்றி முடிச்சையும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடும்.

ஒருநாள் என் தோள்பட்டை எலும்பு உடைந்தது. இது சாமி இல்லை, இனி வேண்டாம், செத்துப்போவேன் என்று வாசலில் நின்றவர்களிடம் அழுதேன். உண்மையாகவே அழுதேன், தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நடிப்பு பிரமாதம் என்றார் ஒருவர்.

"முனி தொட்ட எலும்பு அக்கா, தானா கூடிரும்லா," என்றாள் திலகா. "நம்பர் என்ன சொன்னாரு?"

எலும்புக்குக் கட்டுப் போட்ட இடத்தில்தான் டாக்டர் மாஹிராவைப் பார்த்தேன். பாரோய் ஊர்ப் பிள்ளை. தூக்கத்தில் கைகால் வீசுகிறவர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிற கூட்டத்தில் இருந்தது. நான் சொன்னதை ஒரு மனிதப்பிறவி சிரிக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி அவரைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஸ்கேன் குழாய். உள்ளே போகிறவர் உடம்பில் இரும்பு, தகடு எதுவும் இருக்கக் கூடாது. அவர் முனியாண்டி தாயத்தை மட்டும் கழற்ற மாட்டேன் என்றார். நான்தான் கத்தரிக்கோல் வாங்கி அறுத்தேன். குழாய்க்குள் ஆயிரம் பேர் கூடி நின்று தகரக் கூரையை அடிக்கிற மாதிரி அப்படி ஒரு சத்தம். அப்புறம் மாஹிரா அவர் மூளையைத் திரையில் காட்டியது. குறுக்கே வெட்டிய முட்டைக்கோசு போல இருந்தது. அதில் எங்கேயாவது பன்றி தெரிகிறதா என்று தேடினேன்.

"படம் சுத்தமா இருக்கும்மா. கட்டி, அடைப்பு ஒன்னும் இல்ல. ஆனா வியாதி இருக்கு, ஒயர் டெஸ்ட்ல நல்லா தெரியுது. கனவு வரும்போது கைகால் அசையாம மூளை பூட்டி வைக்கும். இவருக்கு அந்தப் பூட்டு தளந்து போச்சு."

"அடிக்கும்போது தூங்குறாரா, முழிச்சிருக்காரா? அதக் குழாய் சொல்லுமா?"

"அது சொல்லாதும்மா. உள்ளே அசையாமப் படுக்கணும். ஆனா அவர் தூங்குறார்தான். தூக்கத்துல தெளிவாப் பேசக்கூடச் செய்வாங்க. மாத்திரை தரோம். திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க, முன்னைவிட மோசமா வரும்."

மாத்திரை வேலை செய்தது. பன்றி காட்டுக்கே போய்விட்டது. பழக்கதோஷத்தில் அவர் கையை நீட்டுவார், நான் தட்டிவிடுவேன். தாயத்தை அறுத்ததால் முனி கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஊர் பேசியது. வாசல் காலியாயிற்று. திலகாகூடத் துணியைக் காயப்போட்டதும் உள்ளே போய்விடுவாள். லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களிடம் என் கதையை எந்த மொழியில் சொல்வது? பேசாத நாக்கு அழுகிப்போகும், தம்பி. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. வாய்க்குள் எனக்கே நாறியது.

அதனால் மாத்திரையை நிறுத்தினேன். அவருக்குத் தெரியாது, அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை கிடைத்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தேன். வாசலில் நாலு பேர் வந்து நின்றால் மறுபடி கொடுத்துவிடலாம்.

புதன்கிழமை விடியும் முன் அடித்தார். நீங்கள் என் கன்னத்தில் பார்ப்பது அதுதான். அடித்துக்கொண்டே கத்தினார், ஏழு நாலு ரெண்டு ஏழு என்று. தெளிவாக, இரண்டு தரம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் திலகாவுக்கே கேட்டது.

அவர் தூக்கத்தில் நம்பர் சொன்னதே இல்லை, தம்பி. இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நான் கட்டிவிட்டது. முதல் நாள் என் வாயில் வந்தது அவர் ஓட்டிய லோரியின் நம்பர். என் பொய் அவர் வாயிலிருந்து வந்தால் நான் என்ன நினைப்பேன்? விழித்துக்கொண்டு அடிக்கிறார், என் வித்தையை எனக்கே காட்டுகிறார். அப்படியென்றால் இத்தனை வருஷமும் விழித்துத்தான் இருந்திருக்கிறார். நான் பட்ட அடிக்கெல்லாம் கடைசியில் பழி சுமக்க ஓர் ஆள் கிடைத்தது.

விடிந்ததும் என் முகத்தைப் பார்த்து அழுதார். "நானா புள்ள அடிச்சேன்? மாத்திரை போட்டேனே" என்றார். என்னோடு இருந்து நடிப்பையும் படித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் சேலையை எடுத்தேன். பாதித் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். நான் கையில் கட்டவில்லை. இறுக்கிக் கட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

நீங்கள் வரவழைத்தீர்களே, மாஹிரா, அவர் செத்ததைக் கேட்டு அது இங்கே உட்கார்ந்து அழுதது. ஆயுசெல்லாம் ஓட்டிய லோரியின் நம்பர் கனவில் வருவது சாதாரணம்மா என்றது. படித்த பிள்ளை, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனால் அன்றைக்கே திலகா அந்த நம்பரை எழுதியிருக்கிறாள். விழவில்லை. நிஜமாகவே தூங்கிக்கொண்டு சொல்லியிருந்தால் விழுந்திருக்கும், இல்லையா தம்பி?