ஐந்தாம் பாட்டன்

என் கையெழுத்து அழகாக இருக்கும். கல்லூரிச் சுவரொட்டிகள் எல்லாம் நான் எழுதியவைதான். அதனால்தான் அன்று வெள்ளைப் பெயிண்ட் டப்பா என்னிடம் வந்தது. நின்றுகொண்டே வாக்குமூலம் சொல்கிறேன் ஐயா.

சந்தையில் யாரோ யாரையோ அடித்தார்களாம். அதற்குள் ஊர் கிர்கிஸ், உஸ்பெக் என்று இரண்டு இனமாகப் பிரிந்துவிட்டது. மலையிலிருந்து வரும் எங்கள் கிர்கிஸ் ஆட்களுக்கு வீடு அடையாளம் தெரியாது. அதனால் கிர்கிஸ் வீட்டுக் கதவுகளில் மட்டும் 'நம்மவர்' என்று எழுதச் சொன்னார்கள். மற்றக் கதவுகளில் நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறு நேரக்கூடாதே என்று ஒவ்வொரு வாசலிலும் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரைக் கேட்டேன். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன்பே இதை ஒப்பித்துவிடுவார்கள். உஸ்பெக்குகளுக்கு அந்த வழக்கம் கிடையாது.

எங்கள் அடுத்த வீட்டு உஸ்பெக்காரன் சோபிர் தானாகவே வெளியே வந்தான். ரொட்டி சுடுகிறவன், என் வயதுக்காரன். கையெல்லாம் மாவு.

"டேய் திலேக், நம்ம கதவுலயும் எழுதிடுடா. உள்ள அம்மா இருக்கு."

"பாட்டன் பேரு சொல்லு, எழுதறேன்."

மடமடவென்று ஏழு பெயரையும் சொன்னான். ஒரு பிழை இல்லை. அத்தனையும் என் பாட்டன்மார். சின்ன வயதில் நான் அடிவாங்கி ஒப்பித்ததைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே படித்திருக்கிறான்.

"இது எங்க ஆளுங்கடா."

"உனக்குத்தான் அஞ்சாவது ஆளு மறந்துபோகுமே. சுவத்தைத் தட்டி எடுத்துக் குடுக்கறது யாராம்?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொய் எழுத எனக்குக் கை வராது என்று சொல்லி டப்பாவை மூடினேன். பெயிண்ட் பாதி மிச்சமிருந்தது.

மலையிலிருந்து வந்தவர்கள் என் எழுத்தைப் பாராட்டினார்கள். சோபிரின் கதவை வெளியிலிருந்து பூட்டித் தீ வைத்தார்கள். உள்ளே அவனும் அம்மாவும் இருந்தது எனக்குத் தெரியும். நான் என் வீட்டுக்குள் போனபின் கொஞ்ச நேரம் நடுச்சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் பதிலுக்குத் தட்டவில்லை. எங்கள் பக்கம் சுண்ணாம்பு மட்டும் கறுத்துப்போயிற்று.

உஸ்பெக்குகள்மேல் எனக்கு வெறுப்பே கிடையாது ஐயா. நாளைக்கு யாராவது என் வாசலில் நின்று பாட்டன்மார் பெயரைக் கேட்டால் என்ன செய்வது என்பதுதான் கவலை. ஆறு பெயர் நன்றாக வருகிறது. ஐந்தாவது மட்டும் வரமாட்டேன் என்கிறது.

சுவரை யாராவது ஒருமுறை தட்டினால் வந்துவிடும்.