ஊதா நாக்கு

— அத்தான், வாயைத் திறவுங்கோ பாப்பம். ஐயோ, நாக்கு கத்தரிக்காய் மாதிரிக் கிடக்குது!

— நாவல்பழம், தில்லை. இந்தக் கடகப்பெட்டி முழுக்க எனக்குத்தான். உன்ரை கொக்காவுக்கும் பங்கில்லை. படலையைச் சாத்திப்போட்டோ வந்தனீ?

— சாத்தினனான். ஏன்?

— றோட்டாலை போற சனம் எட்டிப் பாக்கும்.

— அக்கா அழுதுகொண்டு போன் எடுத்தவா. மனுசன் வல்லாரைச் சம்பலும் நாவல்பழமுமாய்த் தின்னுது, கிளினிக்குக்குப் போனதை விட்டால் வாசல் தாண்டி ஒரு அடி வைக்குதில்லை எண்டு. நாளைக்கு நல்லதம்பியண்ணை செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. வாறியளோ இல்லையோ?

— ஏலாது. மூளைக்கு வைத்தியம் நடக்குது.

— மூளைக்கோ?

— உனக்கு விளங்காது, எண்டாலும் சொல்லுறன். அன்ரிஒக்சிடன்ற்.

— ஆர் அத்தான் அது?

— ஆளில்லையடா, சத்து. நாங்கள் மூச்சு விடவிட உடம்புக்குள்ளை ஒரு காவாலிக் கூட்டம் பிறக்குதாம். எல்லாம் சோடியில்லாத காவாலியள். அந்த ஏக்கத்திலை போய் மூளைச் செல்லுகளிட்டை இருக்கிறதைப் பறிக்குங்களாம். பறிகுடுத்த செல், மழையிலை விட்ட மண்வெட்டி மாதிரித் துருப்பிடிக்கும். இந்தப் பழத்தின்ரை ஊதாச் சாயம் இருக்கெல்லோ, அது குறுக்கை போய் நிண்டு, "அதை விடு, என்ரையை எடு" எண்டு தன்னட்டை இருக்கிறதைக் குடுத்துக் காவாலியை அடக்கிப்போடும்.

— இதெல்லாம் ஆர் சொன்னது?

— போனிலை ஒரு டொக்டர். பொய் எண்டால் வாய்க்கால்கரைக் குரங்கைக் கேள். அங்கை நாவல்மரத்திலை குடியிருக்கிற கிழட்டுக் கடுவன். போன போகம் நான் அதுக்குக் கல்லாலை எறிஞ்சனான். இந்தப் போகம் சந்தைக்கு வந்து, அவ்வளவு சனத்துக்குள்ளையும் மறக்காமல் என்னை மட்டும் தேடிப் பிடிச்சு, அதே கல்லைத் திருப்பித் தந்தது.

— எறிஞ்சதோ?

— சீ, கையிலை தந்தது. பழம் தின்னுற பிறவி, மரியாதை தெரியும்.

— சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான். கிளிநொச்சிக் கிளினிக்கிலை டொக்டரம்மா என்ன சொன்னவா?

— மறதிச் சோதனையெண்டு கடதாசியிலை மணிக்கூடு ஒண்டு கீறச் சொன்னா. கீறினன். முள்ளு ரெண்டும் சரியாம். "பழம் நல்லதுதான் ஐயா, சாப்பிடுங்கோ. ஆனால் அது மருந்தில்லை. உங்களுக்கு மறதி வருத்தம் ஒண்டும் தெரியேல்லை. என்ன நடந்ததெண்டு இவ்வளவு பயப்பிடுறியள்?" எண்டு கேட்டா.

— நீங்கள்?

— ஒரு நாளைக்கு எத்தினை பழம் எண்டு கேட்டனான். நடந்ததை எப்பிடியடா சொல்லுறது?

— அந்தச் சொல்லைத்தானே?

— மெல்லக் கதை. கொக்கா குசினிக்குள்ளை நிக்கிறா.

— அக்காவுக்குத் தெரியாதோ? முரசுமோட்டை ஊர் முழுக்கத் தெரியும்.

— தெரியும்தானே, பிறகென்னத்துக்கு என்னை வரச்சொல்லுறாய்? செத்தவீட்டாலை வெளிக்கிடேக்கை ஆரும் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறவையோ? பேசாமல் எழும்பிப் போறதுதான் முறை. "போயிட்டு வாறன்" எண்டால் இன்னொரு சாவுக்கு வாறன் எண்டமாதிரி. அந்த முறையை இந்த ஊருக்குப் படிப்பிச்சவன் ஆர்? இந்த ஐயாத்துரை. கனடாவாலை வந்த பெடியன் ஒருத்தன் சொல்ல வாயெடுக்க, அவன்ரை வாயைப் பொத்திப் படலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவன் நான். அந்த நான், நல்லதம்பியின்ரை செத்தவீட்டிலை, அத்தனை சனத்துக்கு நடுவிலை, அவன்ரை மனுசி கமலாசனியின்ரை முகத்தை நேராப் பாத்து, வடிவா, ஆறுதலாச் சொன்னன்: "கமலாசனி, நான் போயிட்டு வாறன்." பந்தலுக்குள்ளை சனம் குந்தியிருந்த கதிரையெல்லாம் திரும்பி என்னைப் பாத்தது, தில்லை.

— கதிரையோ?

— ஓம். சனம் பாத்ததை விடக் கதிரை பாத்ததுதான் தாங்கேலாது.

— ஒவ்வொரு பின்னேரமும் அண்ணையோடை அந்த வீட்டிலை தேத்தண்ணி குடிச்சிட்டு அதைத்தானே சொல்லிப்போட்டு எழும்புவியள். வாய் பழகிப்போச்சு.

— வாய் பழகினால், மூளை பிடிச்சு நிப்பாட்ட வேணுமெல்லோ? என்ரை மூளை துருப்பிடிச்சிட்டுது. அவன் முன்னாலை வெள்ளை வேட்டியோடை கிடக்கிறான், ஒரு கணம் அவன் செத்ததையே மறந்துபோனன். புருசனைப் பறிகுடுத்துப்போட்டு நிக்கிற மனுசிக்கு இன்னொரு சாவையும் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். எந்த மூஞ்சையோடை அந்தப் படலையைத் திறக்கிறது?

— நான் இப்ப அங்கையிருந்துதான் வாறன்.

— திட்டினவாவோ? மறைக்காமல் சொல்லு.

— திட்டேல்லை. பின்னேரத்திலை ரெண்டு தேத்தண்ணி ஊத்தி வைக்கிறா. ஒண்டு குடிப்பாரில்லாமல் ஆறிப்போய்க் கிடக்குது.

— நல்லதம்பிக்குப் படைக்கிறாவாக்கும்.

— நானும் அப்பிடித்தான் நினைச்சுக் கேட்டனான்.

— என்னவாம்?

— "வந்த சனமெல்லாம் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போச்சுது, தம்பி. வாறன் எண்டு சொன்னது ஒரேயொரு மனுசன்தான். அவரையும் காணேல்லை" எண்டா.