நாலாம் நம்பர் அறிவிப்பு

இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது இருபத்து மூன்று. டயர் கடை மாடியில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். அம்மா தங்கும் விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். விமான நிலையத்துக்குப் போகும் ரயில் புறப்படுகிற நகர நிலையத்தில் பதினொரு மாதமாக அறிவிப்பாளராக இருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள் நான். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசினால் போதும் என்பதால்தான் இந்த வேலைக்கு மனுப் போட்டேன்.

சம்பவத்தன்று பகல் ஒன்று நாற்பதுக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்து, பாலத்தின் மேல் மின்கம்பி அறுந்துவிட்டது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டியும் வராது என்றார்கள். அதன் பிறகு நான் போய் நிலைய மேலாளரிடம் சொன்னேன். அவர், "நாலப் போடும்மா" என்றார். நாலு என்பது பதிவு செய்து வைத்திருக்கும் நாலாவது அறிவிப்பு: வண்டி சற்று நேரத்தில் வந்து சேரும், பயணிகள் பொறுமை காக்கவும். எங்கள் நிலையத்தில் தாமதம் என்று மைக்கில் சொல்லக் கூடாது. பிந்தி வரும் வண்டிக்கு அடுத்த வண்டியின் எண்ணைக் கொடுத்துவிடுவோம். தாளில் எந்த வண்டியும் பிந்தியதில்லை. மேலாளரையே ஊழியர்கள் நாலாம் நம்பர் என்றுதான் சொல்வோம், அவர் காதில் விழாமல்.

அதன் பிறகு நாலை மூன்று முறை போட்டேன். நடைமேடையில் பெட்டிகளோடு முன்னூறு பேராவது இருந்தார்கள். இரண்டு ஐந்துக்கு ஒரு தையல்கார அம்மா கண்ணாடியைத் தட்டினார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து வந்திருந்தார். வெளிநாட்டில் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது என்றும், நாலு ஐம்பதுக்கு விமானம் என்றும் சொன்னார்.

"வாசல்ல பஸ் நிக்குது பாப்பா. அதுல ஏறிடட்டுமா, வண்டி வந்துருமா?"

என் பின்னால் மேலாளர் நின்றார். நான், "வந்துரும்மா, இருங்க" என்றேன்.

"படிச்ச பொண்ணு சொன்னா சரி" என்று போய்ப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

வாசலில் மூன்று பஸ்கள் நின்றன. இரண்டரைக்குக் கிளம்பினால் மூன்று இருபதுக்குப் போய்விடும். விமான நிலையத்தில் பெட்டி வாங்கும் கவுண்டரை மூன்று ஐம்பதுக்கு மூடுவார்கள். மேலாளர் டீ குடிக்கப் போன பிறகு, இரண்டு பதினைந்துக்கு, நான் அறிந்தே மைக்கை ஆன் செய்து என் குரலில் சொன்னேன். ரயில் மூன்றே முக்கால் வரை வராது, விமானத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் போங்கள், மூன்று பஸ் நிற்கிறது, ஓட வேண்டாம் என்றேன். ஓட வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

மக்களைப் பீதிக்குள்ளாக்கினேன் என்று மேலாளர் கொடுத்த புகாரில் இருக்கிறது. வெளியேறும் கதவுகள் இரண்டு. ஒன்றைப் பூட்டிச் சாவியை மேலாளர் இடுப்பில் செருகியிருந்தார். ஒருவருக்குக் கால் பிசகியது திறந்திருந்த அந்த ஒற்றைக் கதவில்தான். அவருக்காக வருத்தப்படுகிறேன். கதவைப் பூட்டியவள் நான் அல்ல.

அதன் பிறகு நடைமேடை காலியானது. தையல்கார அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் அறையை விட்டு வெளியே போய், "ஏம்மா போகல?" என்றேன்.

"ஸ்பீக்கர்ல எவளோ என்னமோ சொல்றா. நீதானே இருக்கச் சொன்ன?"

"அந்த எவளோ நான்தாம்மா."

"அப்ப முதல்ல சொன்னது?"

அவர் பெட்டிக்கு ஒரு சக்கரம் இல்லை, தூக்கிக்கொண்டு படியேறினேன். இரண்டு பஸ்கள் போய்விட்டன. மூன்றாவது நகர்ந்துகொண்டிருந்தது. கையை நீட்டி அதன் முன்னால் நின்றேன்.

"சாகுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்றார் ஓட்டுநர்.

"இவங்கள ஏத்திக்கங்கண்ணே, விலகிக்கறேன்" என்றேன். கதவைத் திறந்தார். பதினொரு நிமிடம் பணியிடத்தில் இல்லை என்பதும் குற்றச்சாட்டில் இருக்கிறது. அது உண்மை. அந்த அம்மாவுக்கு விமானம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

நேற்று மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து, "மைக் தவறுதலா ஆன் ஆயிடுச்சுன்னு எழுதிக் குடு. புகார வாபஸ் வாங்கிக்கிறேன், வேலையும் போகாது" என்றார்.

"மைக் தானா ஆன் ஆகலாம் சார். வாயுமா ஆகும்?" என்றேன். என் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். இன்று காலை என்னிடம், "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி முழுசாப் படி. படிக்காம போட்டுப் போட்டே பழகினவ நான்" என்றார்.

அதன்படி, நான் சொல்லச் சொல்ல விசாரணை எழுத்தர் எழுதிய இந்த வாக்குமூலத்தை முழுவதும் படித்தேன். மைக்கை ஆன் செய்ததைப் பற்றிய வரியில் 'அறியாமல்' என்று இருந்ததை அடித்து 'அறிந்தே' என்று எழுதச் சொல்லி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அன்று நான் செய்த தவறு ஒன்று உண்டு. "வந்துரும்மா, இருங்க" என்றது. அதற்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. அதையும் இதில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொல்லி, நானே படித்துப் பார்த்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அறிவிப்பாளர்