பூட்டிய வீட்டில் ஒரு மணி நேரம்

— மெதுவாப் பேசுங்க. இப்பதான் கண்ணை மூடியிருக்கான்.

— மெதுவாத்தானே பேசறேன். இதுக்கு மேல மெதுவான்னா எழுதித்தான் காட்டணும். ஜன்னலுக்கு வெளியிலதான் நிக்கிறேன், எழுந்து வந்து சமையல்கட்டுப் பின்கதவைத் திற.

— எப்படிங்க வர முடியும்? சின்னவன் என் கைமேல தலை வச்சுப் படுத்திருக்கான். கையை உருவினா முழிச்சுப்பான்.

— உருவாத. அவனையும் தூக்கிட்டு வா.

— ரெண்டு பல்லு ஒரே நேரத்துல முளைக்குதுங்க அவனுக்கு. மூணு நாளா அவனும் தூங்கலை, என்னையும் தூங்க விடலை. இப்ப தூக்கினா ஊரைக் கூட்டுவான், பெரியவளும் எழுந்துடுவா.

— அது சரி. பின்கதவுக்கு யாரு தாழ்ப்பாள் போட்டது?

— நான்தான். பூனை வந்து பாலை உருட்டுதேன்னு போட்டேன்.

— நாலு மாசமா தினமும் இதே கூத்துதானே அடிக்கிறோம். ஒன்றரை மணி ஆனா நான் வெளியில போய் முன்கதவைப் பூட்டறேன், வீட்டைச் சுத்தி வந்து பின்பக்கமா உள்ள நுழையறேன். பூனை ஞாபகம் இருக்கு, கட்டின புருஷன் ஞாபகம் இல்லையா?

— காலையில ஆறு மணிக்கு ஹெட்போனை மாட்டினது. எழுபது பேர்கிட்ட "உங்களுக்கு எப்படி உதவலாம்"னு கேட்டு முடிச்சிருக்கேன். மூணு மணிக்கு மறுபடி உட்காரணும். இப்ப எனக்கு என் பேரே ஞாபகம் இல்லைங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு? முன்கதவைத் திறந்துட்டு வாங்களேன்.

— திறக்கலாம். அந்தக் கதவு போடற சத்தத்துக்குப் பெரியவ எழுந்து உட்கார்ந்துடுவா. அதோட, வாசல்ல பூட்டு இல்லன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.

— அண்ணி வந்துடுவாங்க.

— அக்கா வந்துடும். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பறேன்னு உட்காரும். அது எழுந்திரிக்கறதுக்குள்ள உனக்கு மூணு மணி ஆயிடும்.

— பாவம்ங்க அவங்க. எனக்கு மனசு உறுத்திட்டே இருக்கு. நம்ம கல்யாணத்துக்கு எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டினது அவங்கதானே? பூட்டு அவங்களுக்காகத்தான்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க.

— தெரியாது, விடு.

— இத்தனை நாள்ல, எங்க போனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல பாருங்க.

— அது வெள்ளந்தி. நீ தூங்கு. அவன் எழுந்ததும் கதவைத் திற, போதும்.

— வெயில்ல நிக்கிறீங்களே.

— மிக்ஸி ரிப்பேர் பண்றவனுக்குச் சூடு புதுசா? செருப்புதான் உள்ள மாட்டிக்கிச்சு. கால் மாத்திக் கால் வச்சு ஆடிட்டிருக்கேன். நீ கண்ணை மூடு... தூங்கிட்டியா? ஏய்... சரி. ஒருத்தராவது தூங்கட்டும்.

— யாருகிட்டடா பேசிட்டிருக்க?

— அக்கா... நீயா? யாருகிட்டயும் இல்லையே. பாட்டு, சும்மா முணுமுணுத்திட்டிருந்தேன். இங்க எதுக்கு நிக்கணும், வாசப்பக்கம் போயிடலாம் வா.

— ரோட்டுலேருந்து பார்த்தேன். கதவுல பூட்டு தொங்குது, நீ பனியனோட, வெறுங்காலோட, சுவரை ஒட்டி ஆடிட்டு நிக்கிற. உன் பொண்டாட்டி வெளியில தள்ளிட்டாளோன்னு பதறிட்டு ஓடி வந்தேன்.

— சேச்சே. சாவி தொலைஞ்சு போச்சுக்கா.

— அவ எங்க?

— கடைக்குப் போயிருக்கா.

— பிள்ளைங்க?

— அவங்களும்தான்.

— இந்த வெயில்ல, பத்து மாசக் குழந்தையைத் தூக்கிட்டா?

— குடை எடுத்துட்டுத்தான் போயிருக்கா.

— பெரியவளுக்கு?

— அவளுக்கு ஒரு சின்னக் குடை.

— ஆளுக்கொரு குடை கொடுத்தனுப்பத் தெரிஞ்சவனுக்கு ஒரு சட்டை போட்டுக்கத் தெரியலை. சரி, நான் என்ன சொல்றேன்னா, அந்தக் கல்லை எடு. ரெண்டு போடு போட்டா பூட்டு வாயைப் பிளந்துடும்.

— கல்லெல்லாம் வேணாம்க்கா. நல்ல பூட்டு.

— நகரு, நானே போடறேன்.

— அக்கா, கல்லைக் கீழ வை. மெதுவா வை.

— கல்லை வைக்கிறதுல என்னடா மெதுவு? சரி, அது ஒருபக்கம் இருக்கட்டும். நான் என்ன சொல்றேன்னா, அவளுக்கு ஒரு போன் போட்டு எங்க இருக்கான்னு கேக்கறேன்.

— அவ போன் எடுத்துட்டுப் போகலை.

— போனை வச்சே பொழைக்கிறவ, அதை விட்டுட்டா போவா? இரு, ரிங் போகுது.

— அக்கா, கட் பண்ணு.

— ஏன்டா?

— கட் பண்ணுக்கா, உன் காலைப் பிடிக்கிறேன். உள்ள தூங்கிட்டிருக்கா. மூணு நாளைக்கு அப்புறம் இப்பதான் தூங்கறா.

— உள்ளயா? அப்ப இந்தப் பூட்டு?

— நான்தான் பூட்டினேன்.

— யாருக்காக?

— உனக்காகத்தான்.

— எனக்கா.

— என் மிக்ஸி கடைக்கு வர்றவங்களுக்கு ஒரு அட்டை மாட்டினாப் போதும்க்கா, போயிடறாங்க. உன்கிட்ட "இப்ப வராத"ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவ மேல தப்பு இல்ல, அவ வேணாம்னுதான் சொன்னா. யோசனை என்னோடது. ஒருநாள் சின்னவனைக் குளிப்பாட்டிட்டிருக்கும்போதே அவ தூங்கிட்டா. கை தளர்ந்து போச்சு. நான் ஓடிப் போய்ப் பிடிச்சேன். அன்னிக்கு சாயங்காலமே இந்தப் பூட்டை வாங்கிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் படுத்து எழுந்திரிக்க ஆரம்பிச்சதுலேருந்து வீட்ல சண்டை இல்லக்கா. அவ சிரிக்கறா. நானும்தான்.

— அப்படியா சேதி.

— திட்டணும்னா திட்டுக்கா.

— எத்தனை நாளா நடக்குது இது?

— நாலு மாசமா. மன்னிச்சுடு. தோள்ல தூக்கி வளர்த்த உன்னைப் போய் வாசலோட திருப்பி அனுப்பினேன் பாரு, எனக்கே வெக்கமா இருக்கு. இனிமே பூட்ட மாட்டேன். இதோ சாவி. இப்பவே திறக்கறேன், உள்ள வா, எவ்ளோ நேரம் வேணும்னாலும் உட்காரு. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

— சாவியைப் பாக்கெட்ல போடு.

— கோபமா இருக்கியா?

— கோபமெல்லாம் முதல் வாரத்துலயே வந்துட்டுப் போயிடுச்சு.

— முதல் வாரத்துலயா?

— பூட்டின வீட்டுக்குள்ளேருந்து குறட்டை தெருவரைக்கும் கேக்குது. உன் தொட்டில்லேருந்து கேட்டுட்டு வர்ற குறட்டை, எனக்கு அடையாளம் தெரியாதா? உன் வாசப்படியில உட்கார்ந்து அழுதேன் அன்னிக்கு. பொய் சொல்லலை, நிஜமாவே அழுதேன்.

— அய்யோ, அக்கா. அப்ப இந்தக் கல்லு, போனு எல்லாம்?

— யாருடா போன் பண்ணது? இந்தா, நீயே பாரு, அணைச்சு வச்சிருக்கேன். தூங்கறவளை எழுப்பற அளவுக்கு நான் பாவியா? ஜன்னல்கிட்ட நின்னு நீ முனகறது கேட்டதுமே எல்லாம் புரிஞ்சுடுச்சு. நீ எவ்ளோ தூரம் புளுகுவேன்னு பார்க்கணும்னு ஒரு ஆசை. ரெண்டு குடை வரைக்கும் போயிட்ட.

— தெரிஞ்சும் ஏன்க்கா தினமும் வந்த? எதிர்வீட்டுக்காரர் சொல்லுவாரு, இன்னிக்கும் உங்க அக்கா வந்துட்டுப் போனாங்கன்னு. கேக்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

— என் வீட்ல எட்டு பேருடா. மாமா கடைக்குச் சாப்பாடு கட்டணும், மாமனாருக்கு மருந்து, மூணு பிள்ளைங்க, நாலு மணிக்கு மேல டியூஷனுக்குப் பதினஞ்சு பிள்ளைங்க. அங்க நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடினா, உடம்பு சரியில்லையான்னு ஆளுக்கு ஒரு தடவை வந்து எழுப்பிக் கேக்கறாங்க. தம்பி வீட்டுக்குப் போய் அவன் பொண்டாட்டிகிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வரேன்னு சொன்னா மட்டும் யாரும் குறுக்க நிக்கறதில்ல.

— அதான் சொல்றேன், நாளையிலேருந்து பூட்டு கிடையாது. நீ வா, பேசு.

— அடேய், பூட்டை எடுத்துட்டா நான் உள்ள வந்து பேசிட்டு உட்காரணுமேடா. நாலு மாசமா இந்தப் பூட்டைப் பார்த்துட்டுப் போய்த்தானே, தெருமுனையில வர்ற பஸ்ல ஏறி, அது ஊரை ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே வந்து நிக்கிற வரைக்கும் ஜன்னல்ல சாஞ்சு நிம்மதியாத் தூங்கிட்டிருக்கேன்.