கோடு வந்தா நிறுத்தணும்

இல்லக்கா, வாசல்ல நின்னு பேச வேண்டாம், உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரவுக பின்னால ரூமுல தூங்குதாக. மத்தியானம் மாத்திர போட்டா செத்த நேரம் அசந்துருவாக. எந்திரிக்கட்டும், பாக்கலாம். பைய பேசுங்க, அது போதும்.

எங்க மாமியாரா? அவுக இல்ல. இன்னைக்குப் பிரதோஷம்லா, நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருக்காக. தீவாராதனை பாத்துட்டுத்தான் வருவாக. அதுக்காக உங்கள இன்னைக்கு வரச் சொல்லல... சரி, அதுக்காகவுந்தான். உங்ககிட்ட எதுக்குப் பொய்.

நான் அனுராதா. போன்ல சொன்னேன்லா, கணேஷ்ராம் வீட்டுலன்னு. பெனோ அண்ணன்தான் உங்க நம்பர் தந்தாக. அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்திருக்கிய, பாளையங்கோட்டையில அம்மா வீட்டுல இருக்கியன்னு. இவுக கூட்டாளிமார்ல இப்பவும் வந்து எட்டிப் பாக்குறது பெனோ அண்ணன் மட்டுந்தான். மத்தவுக ஒரு தடவ வந்தாக. வந்துட்டு, மேல சுத்துத காத்தாடியப் பாத்துக்கிட்டு இருந்துட்டுப் போயிட்டாக. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது.

காப்பி குடிக்கியளா? போட்டே வச்சிட்டேன், சுட வச்சா போதும். இந்தாங்க.

நீங்களும் இவுகளும் பாளை லைப்ரரி மாடியில உக்காந்து, அமெரிக்காவுக்குப் படிக்கப் போகணும்னு ஜி.ஆர்.இ. பரீட்சைக்குப் படிச்சியளாமே. இவுக சொல்லியிருக்காக. ஒரு பிள்ளையும் நானுமாப் படிச்சோம், அவ எழுதிப் போயிட்டா, எங்க அப்பா தவறுனதுல நான் நின்னுட்டேன்னு. பேரு சொல்லல. நானும் கேக்கல. கல்யாணம் ஆன புதுசுல அதையெல்லாம் யாரு கேப்பா.

அப்ப எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாது பாத்துக்கிடுங்க. நான் களக்காட்டுல இருந்து வந்தவ, தமிழ் மீடியத்துல பி.காம். இவுக காலேஜுல பாடம் எடுக்கவுக. சாப்பாடு போடட்டுமா, போடு. லைட்ட அணைக்கட்டுமா, அணை. அவ்ளோதான். ஒரு நாளு பரண்ல இருந்து ஒரு தடிப் புக்க எறக்குனாக. திரும்பவும் எழுதப் போறேன், கெடச்சா ரெண்டு பேரும் போவோம்னாக. என்னைய வாசிக்கச் சொன்னாக. நான் அடுப்படியில புக்க உப்புச் சாடியில சாத்தி வச்சிக்கிட்டு வாசிப்பேன், இவுக சவரம் பண்ணிக்கிட்டே கேப்பாக. கோடு வந்தா நிறுத்தணும். அது ஒண்ணுதான் எனக்குச் சொல்லிக்குடுத்த சட்டம். நான் நிறுத்துவேன், இவுக அந்த வார்த்தையச் சொல்லுவாக. சின்னப் பிள்ளையில எழுதுவோம்லா, கோடிட்ட இடத்த நிரப்புகன்னு, அதே சமாச்சாரம். அட, உங்களுக்குப் போய் வெளக்கஞ் சொல்லுதேன் பாருங்க.

புக்குல இப்படி வரும்: அந்த மனுசன் கேட்டதுக்கு ஒரு வார்த்ததான் பதில் சொல்லுவாரு, ஆகவே அவரு ஒரு... கோடு. லக்கானிக்ம்பாக. அப்ப அது நீங்கதான்னேன். சிரிச்சிட்டாக. அப்ப நீ கேருலஸ்னாக. லொடலொடன்னு பேசுதவன்னு அர்த்தமாம். எங்களுக்குள்ள பேச்சு வந்தது அப்படித்தான்க்கா. வேற வீட்டுல புருசன் பொண்டாட்டி என்னத்தப் பேசி ஒட்டுவாகளோ. எங்கள ஒட்ட வச்சது அந்தக் கோடுதான்.

திருவனந்தபுரத்துல பரீட்சைக்குத் தேதி போட்டாச்சு. அதுக்கு முந்துன வாரம் குறுக்குத்துறை ஆத்துக்குக் குளிக்கப் போனவுக, படியிலயே சாஞ்சிட்டாக. நல்ல வேள, தண்ணிக்குள்ள விழல. வழுக்கிருச்சுன்னுதான் நெனச்சேன். தலைக்குள்ள ரத்தக்குழா அடைச்சிருக்கு. முப்பத்தஞ்சு கூட ஆகலியே டாக்டர்னேன். இப்பல்லாம் அதுக்கு வயசு கெடையாதும்மான்னாக. வலது கையும் காலும் போச்சு. பேச்சும் போச்சு.

இல்ல, நாம சொல்லுதது எல்லாம் வெளங்கும். அதுதான் கொடும. தண்ணி வேணும்னு தெரியும், தண்ணிங்கிற சொல்லு கெடைக்காது. வாயத் தொறந்து வச்சிக்கிட்டுத் தேடுவாக. வீட்டுல எந்த மூலையிலயோ அத வச்ச மாதிரி சுத்திச் சுத்திப் பாப்பாக. நான் சொம்பக் காட்டுவேன், தலையணையக் காட்டுவேன், ஒவ்வொண்ணாக் காட்டுவேன். மாசக்கணக்கா வீட்டுல என் கொரலு மட்டுந்தான். பேசுத வாயிக்கு இப்படி ஒரு தண்டன.

ஒரு நாளு அலமாரியத் தொடைக்கயில அந்தப் புக்கு கையில வந்துச்சு. ஆத்தாமையில சும்மா வாசிச்சேன். சாயந்தரம் ஆக ஆக காத்தும் மழையும் பைய... கோடு. பழக்கம், நிறுத்திட்டேன். அபேட்னு பின்னால இருந்து சத்தம். தணிஞ்சிட்டுன்னு அர்த்தம். இவுக கொரலேதான். செத்துப்போன ஆளு கூப்பிட்டா எப்படி இருக்கும், அப்படி. திரும்பிப் பாக்கவே பயந்து கெடந்தேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குத டெபோரா மேடம்கிட்ட ஓடுனேன். அப்படி வரும்மான்னாக. வாக்கியத்துல முன்பாதிய நாம குடுத்தா பின்பாதி தன்னால வழுக்கிக்கிட்டு வருமாம். தமிழ்லயும் செஞ்சு பாருன்னாக. செஞ்சேன். காலையில எந்திரிச்சதும் குடிக்கது... காப்பி. எங்க அம்மா பேரு... அன்னத்தாய். மகன் வாயில தன் பேரக் கேட்டு அத்த அழுத அழுகை இருக்கே. எம் பேரு... கணேசு. நம்ம ஊரு ஆத்துக்குப் பேரு... அதுக்கு மட்டும் வாய மூடிக்கிட்டாக. இன்னைய வரைக்கும் அத நிரப்பல.

அன்னைக்கே, அத்தையும் பக்கத்துல இருக்கயில, ஒரு ஆசையில கேட்டேன்க்கா. எம் பொண்டாட்டி பேரு... நிறுத்திட்டேன்.

தேடவே இல்ல. படக்குன்னு சொன்னாக. ஹெப்சிபான்னாக.

உக்காருங்கக்கா. ஏன் எந்திரிக்கிய? ஏசுததுக்கு உங்கள வரச் சொல்லல. சத்தியமா இல்ல. காப்பிய வச்சிட்டுக் கண்ணத் தொடைங்க.

அது யாரு அத்தன்னு கேட்டேன். அத்த மொகம் செத்துப்போச்சு. வேதக்காரப் பிள்ள, சர்ச்சுக்குப் போற குடும்பம், நாங்க வேண்டாம்னுட்டோம், அவ்ளோதான்னாக. பெனோ அண்ணன்கிட்ட கேட்டப்பதான், கூடப் படிச்ச அந்தப் பிள்ள நீங்கதான்னு தெரிஞ்சுது.

திருத்திப் பாத்தேன். இல்ல, அனுராதா, அனுராதான்னு. பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க மாதிரி. இவுக நல்ல கையால கட்டில்ல அடிச்சிக்கிட்டு அழுவாக. வந்திருந்த வார்த்தயெல்லாம் திரும்ப உள்ள போயிரும். காப்பி கூட வராது. அப்புறம் எதுக்குத் திருத்த? விட்டுட்டேன்.

இப்ப கூப்பிடுதாக. நான் கொல்லையில துணி காயப்போடுவேன், உள்ள இருந்து உங்க பேரு வரும். மத்ததுக்கெல்லாம் நான் முன்பாதி குடுக்கணும். எதுவுமே குடுக்காம தன்னால வருத ஒரே சொல்லு அதுதான். மொதல்ல வாசலத் திரும்பிப் பாப்பேன், யாரோ வந்து நிக்காகளோன்னு. அடுத்த வீட்டு ஷம்ஸியா கேக்கா, உங்க வீட்டுக்கு யாரு வந்து தங்கியிருக்கா, ஹெப்சிபா ஹெப்சிபான்னு சத்தம் கேக்குதேன்னு. ஒறவுக்காரின்னுட்டேன். அன்னையில இருந்து சோறு வடிக்கயில ஒரு ஆளுக்குக் கூட வடிச்சிருதேன். கை தன்னால அளந்துருது.

பேருதான, இருந்துட்டுப் போகட்டும். ஏன்னு கேக்கப் பழகிட்டேன். ஆனா ஒண்ணு சரிவரல. கூப்பிட்டதும் போய் நின்னு என்னங்கன்னு கேப்பேன். இவுக என் மொகத்தவே பாத்துக்கிட்டு இருப்பாக. இன்னும் ஒண்ணு நான் சொல்லணும்ங்கிற மாதிரி. என்னத்தச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. சொல்லாததுனால திரும்பவும் கூப்பிடுவாக. திரும்பவும். விடிஞ்சா அடைஞ்சா இதே.

அதுக்குத்தான் வரச் சொன்னேன். அப்பல்லாம் இவுக உங்களக் கூப்பிட்டா, நீங்க என்ன சொல்லுவிய?

யோசிச்சே சொல்லுங்க. அவசரம் இல்ல.

என்னது?

என்னலேன்னு சொல்லுவியளா? அம்புட்டுதானா? அய்யய்ய, லேன்னா டேய்ங்கிற மாதிரில்லா, நான் இவுகள அப்படி ஒரு நாளும் சொன்னதில்லக்கா. அத்த கேட்டாகன்னா, என்னைய ஆத்தோட விட்டுருவாக. எப்படிச் சொல்லுவிய, இழுத்தா, வெடுக்குன்னா? இன்னொரு மட்டம் சொல்லுங்க. வெடுக்குன்னு, கோவமா... ஆனா கோவம் இல்லாம. சரி. சரி.

கேட்டுதா? முழிச்சிட்டாக. ஆமா, உங்க பேருதான்.

இல்லக்கா, இருங்க. நீங்க எந்திரிக்காதிய. என்னையத்தான் கூப்பிடுதாக.

என்னலே...!