கத்தரிப்பூ நிறப் பொடி

மருமகள்: ஐயோ, பிடிச்சு இழுக்காதீங்க அத்தை! வேர் அறுந்துடும். மண்வெட்டிய அடியில விட்டு நெம்புங்க.

மாமியார்: முப்பது வருஷமா தக்காளி போடுறவளுக்கு... செடி பிடுங்கச் சொல்லித் தர்றியா?

மருமகள்: சொல்லித் தரல. கெஞ்சுறேன்.

மாமியார்: சரி சரி... இந்தா, வந்துருச்சு. வாளித் தண்ணியில அலசட்டுமா?

மருமகள்: மெதுவா... முக்கி எடுங்க, போதும். அத்தை! வேரைப் பாருங்க!

மாமியார்: அட... நூல் நூலா, வெள்ளை வெளேர்னு இருக்கே!

மருமகள்: அங்கங்க ஒண்ணு ரெண்டு முடிச்சு இருக்கு. அவ்வளவுதான். போன வருஷம்...

மாமியார்: ஞாபகப்படுத்தாத. வேர் பூரா முண்டும் முடிச்சுமா வீங்கிக் கிடந்துச்சு. காலையில தண்ணி பாய்ச்சினாலும் மத்தியானம் செடி தலை தொங்கிரும். வெயிலைத் திட்டினேன், நாத்து வித்தவனைத் திட்டினேன், உன் புருஷனைக்கூட...

மருமகள்: அவரை எப்பவும்தான் திட்டுறீங்க.

மாமியார்: குறுக்க பேசாத! கடைசியில நீதான் ஒரு துண்டு வேரை உங்க ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், கண்ணுக்கே தெரியாத நூற்புழு உள்ள உக்காந்திருக்குன்னு வந்து சொன்ன.

மருமகள்: ம்... அத்தை, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.

மாமியார்: பீடிகை பெருசா இருக்கே.

மருமகள்: நடவுக்கு முன்னாடி மூட்டை மூட்டையா எரு கொண்டுவந்தேனே... அது வெறும் எரு இல்ல.

மாமியார்: பின்ன?

மருமகள்: ஒரு பூஞ்சணம் கலந்திருந்தேன். வேகவச்ச தானியத்துல நானே வளர்த்தது. புழுவோட முட்டைக்குள்ள புகுந்து, குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள தின்னுடும். செடியை ஒண்ணும் பண்ணாது.

மாமியார்: என் நிலத்துல... என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?

மருமகள்: தப்புதான். கேட்டா, பூசணம் பிடிச்ச எருவைத் தூக்கிப் போடுன்னு சொல்லிருவீங்களோன்னு பயம்.

மாமியார்: சொல்லியிருப்பேனோ என்னவோ.

மருமகள்: நாலு வருஷ வேலை அத்தை. தொட்டியில வச்ச செடியிலெல்லாம் நல்லா வேலை செஞ்சுது. வயல்ல போட்டுப் பாக்கணும்னு கேட்டப்ப, மேலதிகாரி சிரிச்சாரு. தொட்டி வேற, வயல் வேற, வீண்வேலைன்னு...

மாமியார்: சிரிச்சாரா? இந்த வேரைக் கொண்டுபோய் அவர் மேசைமேல போடு!

மருமகள்: போட்டாலும் நம்பமாட்டாரு. இந்த வருஷம் புழுவே இல்லாம இருந்திருக்கும்பாரு.

மாமியார்: அப்ப என்னதான் வேணுமாம்?

மருமகள்: பூஞ்சணம் போடாத செடியும் இதே நிலத்துல இருக்கணும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாதான் நிரூபணம். நான் திருட்டுத்தனமா செஞ்சதால... அதுக்கு வழியில்லாமப் போச்சு.

மாமியார்: அழுறியா?

மருமகள்: இல்ல... கண்ணுல மண்ணு.

மாமியார்: மண்ணைத் துடைச்சுட்டு மண்வெட்டிய எடு. கடைசி வாய்க்கால் ஓரமா வா. அந்தச் செடியை எடு பாப்போம்... நெம்பி, நெம்பி!

மருமகள்: அத்தை... இது பூரா முடிச்சு! அடுத்ததும்... இதுவும்! ஒரே நிலம், ஒரே நாத்து. இந்த ஓரம் மட்டும் எப்படி?

மாமியார்: இந்த நாலு வரிசைக்கும் பழைய எருதான் போட்டேன்.

மருமகள்: ஏன்? நான் கொண்டுவந்தது பத்தலையா?

மாமியார்: மிச்சமே இருந்துச்சு. மூட்டையைப் பிரிச்சதும் கத்தரிப்பூ நிறத்துல ஒரு பொடி கையில ஒட்டுச்சு. உன் ஆய்வகக் கோட்டைத் துவைக்கிறவ நான், அந்த நிறம் எனக்குத் தெரியாதா? கேட்டா பயந்து திருப்பித் தூக்கிட்டுப் போயிருவன்னுதான் வாயைத் திறக்கல. நீ கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுவியே, போட்டது ஒரு பக்கம், போடாதது ஒரு பக்கம்னு... அதைக் கேட்டுத்தான் இந்த நாலு வரிசையைப் புழுவுக்கு விட்டேன். இப்ப அந்தச் சிரிச்ச ஆளை வரச் சொல்லு. என் மருமக செஞ்சதுன்னு நானே தோண்டிக் காட்டுறேன்.