சாட்சிக் கோடு

அந்த மின்விசிறியில் டக் டக்கென்று ஒரு சத்தம் வருகிறதே, அது பேரிங் இல்லை சார். மேலே கொக்கியைப் பிடித்திருக்கிற போல்ட் தளர்ந்திருக்கிறது. யாரையாவது ஏணி போட்டு ஏறி இறுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம். என்னைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஏன் என்றால், சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ‘நட்டு’ என்று பேர். நட்டு கழண்டவன் என்பதன் சுருக்கம். வேலையிடத்திலும் அது எப்படியோ பரவிவிட்டது. பேர் வைத்த புண்ணியவான் என் தங்கையின் கணவர். இப்போது ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடக்கிறாரே, அவர்தான். அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் வாயில் வருகிறது. அவரைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆகாது என்பது போதவில்லை என்றால் வெறுப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தொழிற்சாலையில் ஃபிட்டர். பம்ப், கம்ப்ரஸர், எது நின்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். பிறகு நட்டு துளி திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து தெரியும். நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். அதற்குச் சாட்சிக் கோடு என்று பேர். அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவன் ஸ்பானரைத் தொடவே மாட்டான், கோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவான். அங்கே மனுஷன் பேச்சைவிட அந்தக் கோட்டுக்கு மரியாதை அதிகம்.

என் தங்கையைக் கட்டிக்கொண்ட வருஷம் மாப்பிள்ளை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, மேலே கூரை கிடையாது. அழகான வண்டி, ஆனால் ஓடாது. “மச்சான் இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்று என் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார். மாப்பிள்ளை கேட்டு முடியாது என்று எப்படிச் சொல்வது? எட்டு மாதம் என் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதற்குப் போயிற்று. தங்கை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துத் தருவாள். பதிமூன்று கேட்டால் பதினேழை நீட்டுவாள். கேட்டால், “இரும்புதானேண்ணா, எல்லாம் ஒண்ணுதான்” என்பாள்.

கடைசி நாள் ஒரே அவசரம். மாப்பிள்ளை வாசலில் நின்று சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “ஆச்சா மச்சான்? உங்க தங்கச்சி கிளம்பி ஒரு மணி நேரமாச்சு.” ஸ்டியரிங் தண்டு கீழ்ப்பெட்டியோடு சேருகிற இடத்தில் ஒரு பிடி உண்டு. தண்டை அதில் செருகி, நட்டை முறுக்கினால் பிடி இறுகி, தண்டைக் கவ்விக்கொள்ளும். அதுதான் கடைசி வேலை. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கோடு இழுத்தது இன்றைக்கும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பிரஷ்ஷிலிருந்து ஒரு முடி கழன்று கோட்டில் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் எடுத்துப் போட்டேன். அந்த அளவுக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் கிளம்பி அரை மணி நேரத்தில் போன் வந்தது. மலைப்பாதை வளைவில் வண்டி உருண்டுவிட்டது. தங்கை அந்த இடத்திலேயே போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு இரண்டு விலா எலும்பும் ஒரு பல்லும் போயின. ஆஸ்பத்திரியில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “திருப்பினேன் அத்தை, வண்டி திரும்பல. ஸ்டியரிங் கையில சும்மா சுத்துச்சு” என்றார். என்னைத் திட்டவில்லை. அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, “மச்சான் மேல தப்பில்ல. அவசரத்துல ஒரு நட்டை விட்டுட்டாரு. யாருக்கும் வரும்” என்றார். பெரிய மனசு என்று எல்லாரும் உருகிப் போனார்கள். அன்றிலிருந்து அவர் மன்னித்தவர், நான் மன்னிக்கப்பட்டவன்.

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்துச் சமையலறைக் குழாய் ஒழுகிற்று. நான் அடுத்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போனில் ஒரு பிளம்பருக்கு வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு வாஷருக்காக, சார். அவள் சாகிறவரைக்கும் என் கையால் ஒரு திருகாணியைக்கூட முறுக்க விடவில்லை.

மாப்பிள்ளைக்குப் புதுப் பல் வந்தது, சிரிப்பும் வந்தது. விசேஷ வீடுகளில் எங்கேயாவது நாற்காலி ஆடினால், “மச்சான் மாட்டின காலா இருக்கும், பார்த்து உட்காருங்க” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அப்படித்தான் நான் நட்டு ஆனேன். நான்காவது வருஷம் அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண் என்னை நட்டு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முதல் நாளிலிருந்தே அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை இடித்துக் கட்டினார். கொல்லையில் தார்ப்பாய்க்கடியில் நசுங்கிக் கிடந்த காரைக் காட்டி, “அந்தக் குப்பையை எடுத்துட்டுப் போங்களேன் மச்சான், உங்களுக்கும் பொழுது போகும்” என்றார். எடுத்து வந்தேன். நான்காம் நாள் அடிப்பக்கத்துக்குப் போனேன். குளவிக்கூட்டையும் மண்ணையும் சுரண்டினால், ஸ்டியரிங் தண்டு பிடியை விட்டு வெளியே வந்து தொங்குகிறது. பிடியின் மேல் நட்டு. நட்டின் மேல் என் மஞ்சள் கோடு. நேராக இருந்தது, சார். மயிரிழைகூடப் பிசகவில்லை.

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நட்டு தளரவே இல்லை. அப்படியென்றால் தண்டு பிடுங்கிக்கொண்டு வந்தது வண்டி உருண்ட வேகத்தில்தான். இவர் கண்மண் தெரியாமல் ஓட்டி என் தங்கையைச் சாகடித்துவிட்டு, பழியை நோகாமல் என் தலையில் கட்டிவிட்டார். பிடியை அப்படியே அறுத்தெடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். நட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. சாட்சியை யாராவது கலைப்பார்களா?

யாரிடமும் காட்டவில்லையா என்று நீங்கள் நேற்றே கேட்டீர்கள். காட்டினேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை. தாய்மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பதினோரு வருஷமாச்சுப்பா, விட்டுத் தொலை. மாப்பிள்ளை காதுக்குப் போனா மனசு நோகும்” என்றார். மாப்பிள்ளை மனசு. நான் பிடியைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வண்டியை நன்றாகவே செய்தேன். இதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டியெடுத்துப் புதுசு வைத்து வெல்டிங் செய்தேன். என்ஜினை அக்கு அக்காகப் பிரித்தேன். நாலு கியர் இருந்த இடத்தில் ஐந்து கியர் பெட்டி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், சூடாகாத ரேடியேட்டர். கதவு சாத்துகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை என்று இரண்டு மாதம் கீலோடு மல்லுக்கட்டினேன். மூன்று வருஷம் அதோடுதான் குடித்தனம். ஒரே ஒரு நட்டைத் தவிர அந்த வண்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் யாரையும் கூப்பிடவில்லை. போட்டோவை யாரோ சொந்தத்தில் சுற்றவிட, மாப்பிள்ளையே போன் செய்தார். “வண்டி இன்னும் என் பேர்லதான் இருக்கு மச்சான், மறந்துடாதீங்க” என்று சிரித்தார். “உங்க வண்டிதானே மாப்பிள்ளை, வந்து எடுத்துக்கோங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருமாக வந்தார்கள். அந்தப் பெண்ணும் வருவாள் என்று எனக்குத் தெரியாது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். மாப்பிள்ளை தனியாக வண்டியில் போகிற ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெச்ச ஒரு ஆள் வேண்டும் அவருக்கு. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். வாயைப் பிளந்துவிட்டார், மறுப்பதற்கில்லை. பிறகு, “இந்தத் தடவையாவது முறுக்கியாச்சா நட்டு சார்?” என்றார். “சும்மா இருங்க, காலங்காத்தால அண்ணாவை வம்புக்கு இழுத்துக்கிட்டு” என்று அவள் அதட்டினாள். நான் டார்ச்சை அவர் கையில் கொடுத்து, கீழே குனிந்து கோட்டைப் பார்க்கச் சொன்னேன். கோட்டுக்கு அர்த்தம் என்னவென்று விளக்கமாகச் சொன்னேன். பார்த்தார். “நேரா இருக்கு” என்றார். அவள் காதிலும் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. அது எனக்குத் தேவையாக இருந்தது.

ஓட்டுகிறவர் பக்கம் தோள் இரண்டையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற பந்தயக்கார் பட்டை போட்டிருந்தேன். அவள் உட்காருகிற பக்கம் பழைய இடுப்புப் பட்டைதான். அவசரத்தில் விட்டுப்போனதா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் பிழைக்க வேண்டும், சார். செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? பிழைத்து, கட்டிலில் படுத்துக்கொண்டு, “திருப்பினேன், திரும்பல” என்று சொல்ல வேண்டும். எல்லாரும் என் கோட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்து இருக்கை காலியாக வேண்டியிருந்தது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பட்டையை நானே மாட்டிவிட்டேன். “இறுக்கமா இருக்காம்மா?” என்று கேட்டேன். “சரியா இருக்குண்ணா” என்றாள். என் கட்டைவிரலில் ரத்தம் கசிவதைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டர் எடுத்து ஒட்டிவிட்டாள். நேற்றுத்தான் அது உரிந்து விழுந்தது.

அவர்கள் கிளம்பியதும் கருவிகளைத் துடைத்து அடுக்கினேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது. அவள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, “திருப்பினேன் மச்சான், திரும்பல. சும்மா சுத்துச்சு” என்றார். பதினான்கு வருஷத்துக்குப் பிறகும் அதே வார்த்தை. அவள் அண்ணன்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “மாப்பிள்ளை மேல தப்பில்ல. வேகம். யாருக்கும் வரும்.” இந்தப் பதினான்கு வருஷத்தில் நான் வயிறு குளிர்ந்த நாள் அது ஒன்றுதான். ஷெட்டுக்குக் கொண்டுவந்து போட்ட வண்டியை அவள் அண்ணன்களுக்கு நானே காட்டினேன். கோடு நேராக இருந்தது. அவர்கள் திரும்பிப் போய் அவரைக் கட்டிலோடு கவிழ்க்கப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன்.

உங்கள் ஆட்கள் நட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் கோடு நேராக இருந்தால் யாரும் கழற்ற மாட்டார்கள். முறுக்கிய நட்டு தன் அடியில் பிடியின் கறுப்புப் பெயின்ட்டைக் கடித்து மோதிரம் மாதிரி ஒரு வட்டத் தடம் விடும். இதில் அந்தத் தடம் இல்லை. சரிதான். நான் முறுக்கவில்லை. அது தானாகத் தளராத ரக நட்டு, விட்ட இடத்திலேயே நிற்கும். பிடி இறுகுவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, அதன்மேல் கோடு போட்டேன். நட்டு அசையாது, கோடு உடையாது, ஆனால் தண்டை எதுவும் பிடித்திருக்காது. தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்று காலையில் நீங்கள் என் அலமாரியிலிருந்து அந்தப் பழைய பிடியையும் எடுத்துவந்து இதன் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அதே ரக நட்டு, அதே மஞ்சள் கோடு. என்னைக் கேட்காமல் அதையும் கழற்றிவிட்டீர்கள். அதன் அடியிலும் வட்டத் தடம் இல்லை, கறுப்புப் பெயின்ட் புதுக்கருக்கோடு இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு இங்கேயிருந்து சரியாகத் தெரியவில்லை. இந்த அறையில் வெளிச்சம் போதாது. அன்றைக்கு முறுக்கியது ஞாபகம் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கோடு போட்டது ஞாபகம் இருக்கிறது என்று நானும் மூன்று தடவை சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முறுக்காமல் எவனாவது கோடு போடுவானா, சார்?